மின்னல் இறங்கும் வழி

மூன்றாவது எர்த்துக் கம்பியும் நாலடியில் நின்றுவிட்டது. சம்மட்டியை ஓங்கிப் போட்டால் கம்பி இறங்கவில்லை, தலைதான் சப்பையாகிறது, அடியில் செம்புறாங்கல், புதுக்கோட்டையைச் சுற்றி எங்கே தோண்டினாலும் இதே கதைதான், மேலே ஒரு முழம் செம்மண், அப்புறம் சரளை, அப்புறம் கல். எட்டடிக் கம்பி, பாதிதான் உள்ளே போயிருக்கிறது. மிச்சத்தை ரம்பத்தால் அறுத்து, அறுத்த துண்டைத் தள்ளி இன்னொரு இடத்தில் அடிக்க வேண்டியதுதான், ஆழமாகப் போக முடியாத இடத்தில் அகலமாகப் போ என்று வகுப்பில் சொல்வது நான்தானே, இருபத்தாறு வருஷமாக ஐ.டி.ஐ.யில் வயர்மேன் பிரிவுக்குப் பாடம் எடுக்கிற அடைக்கலம் சார், எர்த்து என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும் என்று ஊரே சொல்கிற அடைக்கலம் சார், அவர் வீட்டில் ஊர் ஊராகப் பேசுகிற ஹாம் ரேடியோவின் டவருக்கு நாலு வருஷமாக ஒரே ஒரு கம்பி, அதுவும் மூணடி. பாடத்தில் இருக்கிற எர்த்து வேறு, வீட்டு எர்த்து வேறு. மணி ஒன்றரை. பூங்கோதை ஐந்துக்குள் வந்துவிடுவாள். இன்றைக்குப் புதன், நான் லீவு போட்டிருக்கிறேன், அவளுக்குத் தடுப்பூசி நாள், துணை சுகாதார நிலையத்தில் பிள்ளைகளின் அழுகை ஓய்ந்து, மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பதினெட்டு கிலோமீட்டர் ஸ்கூட்டி ஓட்டி வருகிறவள். அவள் வருவதற்குள் இரும்புப் பட்டையைப் பதித்து, கம்பிகளைச் சேர்த்து, மண்ணைத் தள்ளி மூடிவிட வேண்டும். மூடிவிட்டால் எதையும் விளக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் நான் கடப்பாரையை எடுத்தபோது எதுக்கு என்று கேட்டாள், மாதுளைக்குத் தண்ணீர்க் குழாய் போடப்போகிறேன் என்று சொன்னேன், கல்யாணமான மூன்று வருஷத்தில் அவளிடம் சொன்ன முதல் பொய் அதுவாகத்தான் இருக்கும், சரி என்று தலையசைத்துவிட்டு உள்ளே போனாள், வெயிலில் குனிஞ்சு வெட்டாதீங்க, பிரஷர் ஏறும் என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆலங்குடியில் அவள் தங்கை மாரிக்கண்ணு வீட்டுக் காதுகுத்து. பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். தென்கிழக்கில் லேசாகக் கறுத்தது, எங்கேயோ தூரத்தில் ஒரு உறுமல், அவ்வளவுதான், மழைகூட இல்லை. மாரிக்கண்ணு துண்டை நீட்டியவள் வானத்தைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். புரட்டாசி வந்தா எங்கக்கா எப்பிடித்தான் அந்த வீட்டுல இருக்காளோ என்றாள். எனக்குப் புரியவில்லை. ஏன், நம்ம வீட்டுக்கு என்ன என்றேன். அவள் முகம் மாறிவிட்டது, சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்த முகம், ஆனால் பாதியில் நிறுத்தினால் நான் விடப்போவதில்லை என்றும் தெரிந்திருக்கும். "அக்காவோட மொத வீட்டுக்காரரு இடி விழுந்துதான செத்தாரு அத்தான். அக்கா ஒங்ககிட்ட சொல்லலையா?" துண்டை வாங்கி எவ்வளவு நேரம் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேனோ. அங்கே பூங்கோதை குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, குத்தின காதில் மஞ்சள் வைக்க வேண்டாம், சீழ் பிடிக்கும் என்று யாரோ ஒரு அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள். வண்டியில் திரும்பி வரும்போது என் முதுகில் சாய்ந்தபடி தூங்கிவிட்டாள். தெருமுனை திரும்பியதும் டவர் தெரிந்தது. நாற்பத்தைந்து அடி. கேபிள் டிவிக்காரர் கழற்றிப் போட்டதை நானே வாங்கித் துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, நாலு பேரை வைத்து நிமிர்த்திய டவர், இந்தத் தெருவிலேயே உயரமானது, தென்னை மரத்துக்கும் மேலே, தண்ணீர்த் தொட்டிக்கும் மேலே. வானத்தில் இருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். அதன் அடியில் மூன்று வருஷமாகச் சோறாக்கிப் போட்டுக்கொண்டு இருக்கிறாள்.

ரம்பம் பாதியில் சிக்குகிறது. எண்ணெய் விட்டால் போகும், எண்ணெய் உள்ளே இருக்கிறது, போய் எடுத்து வரலாம், ஆனால் உட்கார்ந்தேதான் இருக்கிறேன். மழை நாளில் அவள் என்னைக் கூப்பிடுவாள். அதைத்தான் நாலு நாளாக நினைத்துக்கொண்டே இருக்கிறேன். வெளியே இடிச் சத்தம் கேட்டால் போதும், ரேடியோ அறை வாசலில் வந்து நிற்பாள், பரண் மேலே இருக்கிற அண்டாவை எடுத்துத் தரணும் என்பாள், மிக்ஸி ஓடல, அம்மியில கொஞ்சம் அரைச்சுத் தாங்க என்பாள், ஒன்றும் இல்லாவிட்டால் டீ போட்டிருக்கேன், இங்க வந்து குடிங்க, ஆறிடும் என்பாள். நான் காதில் மாட்டியிருப்பதைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போவேன். அவள் வீட்டின் அந்தக் கோடியில், டவருக்கு எதிர்ப்பக்கத்து அறையில், என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மழை விடும்வரை ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். எனக்கு அதில் எவ்வளவு பெருமை. ஐம்பத்தொரு வயதில் கல்யாணம் செய்துகொண்டவனுக்கு மழை வந்தால் மனைவி பக்கத்தில் தேடுகிறாள் என்பது சின்ன விஷயமா. கொல்லத்தில் ஒரு பல் டாக்டர், தினமும் காலையில் ரேடியோவில் பேசுகிறவர், அவரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன், எங்க ஊர்ல மழைன்னா நான் லைன்ல இருக்க மாட்டேன் டாக்டர், வீட்டுல விடமாட்டாங்க என்று. அவள் என்னைத் தேடவில்லை. என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். இல்லை, இரண்டும் இருக்கலாம். இரண்டும் இருக்கக்கூடாதா? எண்ணெயை எடுத்து வந்து விட்டேன், ரம்பம் ஓடுகிறது.

ஒரே ஒரு தடவை கேட்டாள். கல்யாணமாகி ஒரு வாரம்கூட ஆகவில்லை. துணி காயப்போட வந்தவள் கொடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்து, இது மேல இடி விழுந்தா என்னாகும் என்றாள். நான் என்ன செய்தேன்? சிரித்தேன். சிரித்துவிட்டு ஒரு பாடம் நடத்தினேன். உயரமான இரும்பு பக்கத்தில் இருப்பது நமக்கு நல்லது, இடி அதில் இறங்கி மண்ணுக்குள் போய்விடும், குடை விரித்த மாதிரி சுற்றிலும் ஒரு பாதுகாப்பு, இப்படி ஐந்து நிமிஷம், கையை ஆட்டி ஆட்டி. மண்ணுக்குள்ளே போக ஒழுங்கான வழி இருந்தால்தான் இறங்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் எது அகப்படுகிறதோ அதில் தாவும், ரேடியோ ஒயர் வழியாக வீட்டுக்குள்ளேயே வரும் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டேன், அதைச் சொன்னால் நான் அடித்திருக்கிற மூணடிக் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். அவள் முழுசும் கேட்டாள். கேட்டுவிட்டுத் துணியை உதறிப் போட்டாள். அப்போது அவள் கண்ணை நான் பார்க்கவில்லை, டவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு நாளாக அந்தக் கொடியையும் அந்தத் துணியையும் நினைவுக்குக் கொண்டுவந்து அவள் முகத்தைப் பார்க்க முயல்கிறேன், என்ன துணி என்றுகூட ஞாபகம் வருகிறது, என்னுடைய கட்டம் போட்ட லுங்கி, முகம் வரவில்லை.

நானும் கேட்டதில்லை என்பதுதான் அதைவிட மோசம். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி இரண்டு வருஷம், படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்ட வாரத்துக்கு இரண்டு நாள் வந்தவள் பூங்கோதை. அந்தப் புண்ணைப் பார்த்து முகம் சுளிக்காத ஒரே ஆள் அவள்தான், நான்கூடச் சுளித்திருக்கிறேன். அம்மா போன பிறகும் கணக்கெடுப்பு, கொசு மருந்து என்று ஏதாவது சொல்லிக்கொண்டு இந்தப் பக்கம் வருவாள், நான் தண்ணீர் கொடுப்பேன். ஒரு நாள், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டுவிட்டேன். எனக்கு ஏற்கெனவே ஆயிருச்சு சார், அவரு இல்ல என்றாள். எப்படி என்று கேட்டேன். வயக்காட்டுல, திடீர்னு என்றாள். பாம்பு என்று நினைத்தேன், அல்லது மாரடைப்பு. அதற்கு மேல் கேட்பது நாகரிகம் இல்லை என்று விட்டேன், நாகரிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், உண்மையில் அந்த ஆளைப் பற்றித் தெரிந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை, பெயர்கூட எனக்குத் தெரிய வேண்டாம் என்று இருந்தது. வீரையா. பெயரே கல்யாணப் பதிவுக்குத் தாள் எழுதும்போதுதான் தெரியும். அவர் இறந்தபோது அவளுக்கு இருபத்தொன்பது வயது. அதிலிருந்து பதினாறு வருஷம் தனியாக இருந்தவள், அவளே ஒரு வீடு, அவளே ஒரு விளக்கு. அவ்வளவு வருஷத்தில் எத்தனை புரட்டாசி, எத்தனை ஐப்பசி.

இரண்டரை மணிக்குக் கம்பி வேலை முடிந்தது. டவரின் மூன்று காலில் இருந்தும் மூன்று பள்ளம், பதினைந்து பதினைந்து அடி, கொன்றை மரத்துப் பக்கம் ஒன்று, கிணற்றுப் பக்கம் ஒன்று, வேலிப் பக்கம் ஒன்று. பள்ளத்தின் அடியில் இரும்புப் பட்டையைப் படுக்க வைக்கிறேன். மூலையில் பட்டையை வளைக்கும்போது செங்குத்தாக மடக்கக்கூடாது, யானைத் தும்பிக்கை மாதிரி மெதுவாகத் திருப்பணும், மின்னலுக்கு அவசரம், மடக்கித் திருப்பினால் திரும்பாது, நேரே எகிறிக் குதித்துவிடும். முட்டி போட்டு உட்கார்ந்து, பட்டையைத் தொடையில் வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்கிறேன். பேசாமல் டவரைக் கழற்றிப் போட்டால் என்ன? ஞாயிறு ராத்திரியே தோன்றியது. திங்கட்கிழமை காலையில் முன்பு நிமிர்த்திய ஆட்களின் தலைவருக்குப் போன் போட்டேன், மணி அடித்தது, எடுத்து அலோ என்றார், நான் வைத்துவிட்டேன். மனசு வரவில்லை. அதைத்தான் எப்படிச் சுற்றி வந்தாலும் சொல்லியாக வேண்டும். அம்மாவின் பக்கத்தில் பன்னிரண்டு வருஷம் இருந்த பிறகு, ஒரு சாயங்காலம் முதல்முதலாக நான் பேசியது மோரிஷஸில் ஒரு ஆளுக்குக் கேட்டது, அவர் என் பெயரைத் திருப்பிச் சொன்னார், அடா-இக்கலம் என்று. அறைக்குள் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பைக் கழற்றிப் போட வேண்டும் என்றால் கை வரவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கழற்றியிருப்பேன். சொல்லியிருந்தால். சொல்லாமலே செய்கிறவன்தான் நல்லவன், நான் அந்த வகை இல்லை போலிருக்கிறது, பள்ளம் வெட்டுகிற வகை.

ஐ.டி.ஐ.யில் இருந்து எடுத்து வந்த சோதனை மீட்டரை வைத்து மண்ணின் தடையைப் பார்த்தேன். பழைய மூணடிக் கம்பிக்கு நூற்றுத் தொண்ணூறு ஓம், வெட்கக்கேடு, இடி அந்த வழியாக மண்ணுக்குள் போவது ஊசிக் காதில் ஆற்றை விடுகிற மாதிரி. புதிதாகப் போட்ட மூன்று கிளையும் சேர்த்துப் பதினான்கு. பத்துக்குக் கீழே வர வேண்டும். களிமண் பொடியைக் கரைத்துப் பட்டையைச் சுற்றி ஊற்றினேன், அது ஈரத்தை விடாமல் பிடித்துவைக்கும், கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினேன், மண் சுர்ரென்று குடித்தது. பதின்மூன்று. இனி இரண்டு வேலைதான் பாக்கி. பட்டையை டவரின் காலோடு சேர்த்து இறுக்க வேண்டும். அப்புறம் டவர் எர்த்தையும் வீட்டு மின்சார எர்த்தையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்ட வேண்டும், அதுதான் முக்கியம், பலபேர் அதைத்தான் செய்வதில்லை, தனித்தனியாக இருந்தால் பத்திரம் என்று நினைக்கிறார்கள், இடி விழுகிற நொடியில் ஒன்றில் மின்னழுத்தம் எங்கோ ஏறி நிற்கும், மற்றது சும்மா இருக்கும், நடுவில் யார் நிற்கிறாரோ அவர் வழியாகத்தான் பாயும். பட்டைக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தபோது வெளிச்சம் மஞ்சளாக மாறியதைக் கவனித்தேன். நிமிர்ந்தால் தென்மேற்கே முழுசும் மூடியிருக்கிறது, அடியில் கருநீலம், தலையில் காலிஃபிளவர் மாதிரி வெள்ளை, எப்போது இவ்வளவு வளர்ந்தது. ரேடியோவின் ஒயரைக் காலையிலேயே பிடுங்கி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிட்டேன், அது சரி. மணி மூன்றேமுக்கால். மேகத்துக்குள் ஒரு வெளிச்சம் துடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று, எண்ணிக்கொண்டே வருகிறேன், நாற்பத்திரண்டில் சத்தம் வந்தது. மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். பதினான்கு கிலோமீட்டர். தென்மேற்கில் பதினான்கு கிலோமீட்டரில் என்ன இருக்கிறது? அவள் வருகிற சாலை.

போனை எடுத்து அடித்தேன். மணி அடித்து அடித்து நின்றது. வண்டிப் பெட்டிக்குள் போட்டிருப்பாள், ஓட்டும்போது எடுக்க மாட்டாள், எடுக்கக்கூடாது என்று சொன்னதே நான்தான். மறுபடி அடித்தேன். கண்மாய்க் கரை மேல் இரண்டு கிலோமீட்டர் வரணும், அந்த இடத்தில் ஒரு வீடு கிடையாது, ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் வயல், வரிசையாகப் பனைமரம். பனைமரம். அந்தக் கரையில் மழையில் யாருமே வண்டி ஓட்டக்கூடாது, வண்டியை விட்டு இறங்கி மரத்தடிக்கு மட்டும் போய்விடாதே பூங்கோதை, அவள் போக மாட்டாள், அவளைவிட வேறு யாருக்கு அது தெரியும், தெரிந்தே எப்படி தினமும் அந்தச் சாலையில் போகிறாள். புறப்பட்டிருப்பாளா? புறப்பட்டிருக்காமல் இருக்கலாம். யாராவது ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நிறுத்தி வைத்திருக்கலாம். மறுபடி மின்னல், முப்பத்தொன்று. என் வண்டியை எடுத்துக்கொண்டு எதிரே போகலாம், எதிரே போய் என்ன செய்ய, இரண்டு பேராக நனையலாம். போகிறேன். சாவி எங்கே. சாவி சட்டைப்பையில், சட்டை கிணற்றுச் சுவரில், அதற்குள் இதை மட்டும், இந்த ஒரு போல்ட்டை மட்டும் மாட்டிவிட்டால், போல்ட் ஓட்டைக்குள் நுழையவில்லை, களிமண் அடைத்திருக்கிறது, விரலால் தோண்டுகிறேன். இருபத்திரண்டு. முதல் துளி முதுகில் விழுகிறது, ஊசி மாதிரி. என்ன செய்துகொண்டிருக்கிறேன் நான், இரும்பைப் பிடித்துக்கொண்டு இடிக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன், எந்தப் பையனாவது இப்படிச் செய்தால் காதைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன், ஆனால் இது சேராத வரைக்கும் இந்த வீட்டில் அவளை எப்படி உள்ளே விடுவது. பதினைந்து.

ஸ்கூட்டிச் சத்தம் கேட்கவில்லை, மழைச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. என் மணிக்கட்டில் ஒரு கை விழுந்தது. நாடி பார்க்கிற மாதிரி, ஆனால் இறுக்கமாக. சொட்டச் சொட்ட நிற்கிறாள், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை, உள்ளே இரண்டு கண் மட்டும் தெரிகிறது. கத்தவில்லை. "விடுங்க. உள்ள வாங்க" என்றாள். இன்னும் ஒரே ஒரு போல்ட் என்றேன். "விடுங்க" என்றாள் மறுபடி, முன்பைவிட மெதுவாக. ஸ்பானர் கையிலிருந்து சேற்றில் விழுந்தது. அவள் என்னை இழுத்துக்கொண்டு போகவில்லை, நான்தான் அவள் பிடித்திருந்த கைக்குப் பின்னால் போனேன்.

எதிர்ப்பக்கத்து அறையில் சுவரைத் தொடாமல் கட்டிலின் நடுவில் உட்கார்ந்தோம். ஒரு இடி வீட்டின் மேலேயே விழுந்த மாதிரி கேட்டது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, அவள் கண்ணை மூடவில்லை, அவள் விரல்கள் மட்டும் என் மணிக்கட்டில் ஒரு தடவை இறுகின. என் தலையைத் துவட்டினாள், அவள் தலையை நான் துவட்டினேன், துண்டு ஒன்றுதான் கைக்கு அகப்பட்டது. அப்புறம் அவள்தான் ஆரம்பித்தாள். மூணு பக்கமும் வெட்டுற குழாய்ப் பள்ளம் மூணும் டவர் காலுக்கா வந்து சேரும், மாதுளை அங்கயா இருக்கு என்றாள். மாரிக்கண்ணு சொன்னாளா என்றாள். சொன்னாள் என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு வெகுநேரம் துண்டைப் பிழிந்தாள், பிழிய அதில் தண்ணீரே இல்லை. பிறகு சொன்னாள், மழைச் சத்தத்தில் சில இடத்தில் நான் குனிந்து கேட்க வேண்டியிருந்தது. நடவு நாள். மழை வந்ததும் ஆட்கள் கரையேறிவிட்டார்கள், வீரையா மண்வெட்டியை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரி தூரம், ஆகவே தூக்கியவர்கள் பக்கத்து ஊர்த் துணை சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், அங்கே நர்ஸ் இருக்கும் என்று. நர்ஸ் அவள்தான். நாலு பேர் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், இடி என்று கத்துகிறார்கள், இடி விழுந்தவருக்கு நெஞ்சு நின்றிருந்தாலும் அமுக்கினால் திரும்பும் என்று படித்திருக்கிறாள், தரையில் கிடத்தச் சொல்லி உடனே ஆரம்பித்துவிட்டாள். "நெஞ்சுதான் தெரிஞ்சுது. செகப்பா வேர் ஓடின மாதிரி ஒரு தடம். கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் மொகத்தப் பாத்தேன்." முக்கால் மணி நேரம் அமுக்கியிருக்கிறாள். யாரோ தோளைப் பிடித்துத் தூக்கியிருக்கிறார்கள். கை இரண்டு நாள் மரத்துக் கிடந்ததாம்.

வாய்க்குள் பத்து வாக்கியம் வந்து வந்து போகிறது, எல்லாம் ரேடியோவில் தூரத்து ஆளுக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறது. கடைசியில் கேட்கக்கூடாததைத்தான் கேட்டேன், மூணு வருஷமா ஏன் சொல்லல பூங்கோதை, கழட்டுங்கன்னு ஒரு வார்த்தை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "சொன்னா கழட்டிருவீங்க. அதான் சொல்லல" என்றாள். ஜன்னலுக்கு வெளியே ஓட்டுத் தண்ணீர் கயிறு கயிறாக இறங்குகிறது. அவள் தொடர்ந்து, அம்மாவுக்கு மருந்து கட்ட வந்தப்ப நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல, அப்புறம் ஒரு நாள் சர்வேக்கு வந்தேன், அந்த ரூம்ல தனியா ஒக்காந்து யார்கிட்டயோ பேசிச் சிரிச்சுக்கிட்டு இருந்தீங்க, அந்தச் சிரிப்பப் பாத்துத்தான நான் சரின்னு சொன்னேன் என்றாள். சொல்லிவிட்டு வெட்கப்பட்டவள்போல எழுந்து ஈர முந்தானையைப் பிழிந்தாள். நான் கழற்றிவிடுகிறேன் என்றேன், உண்மையாகத்தான் சொன்னேன், அந்த நேரத்தில் அது எனக்கு ஒன்றுமே இல்லை. வேணாம் என்றாள். மூணு நாளா கை கிழியக் கிழிய வெட்டிட்டு, இப்பக் கழட்டுறேங்கிறீங்க. அது ஒழுங்கா மண்ணுக்குள்ள போயிரும்ல, அத மட்டும் சொல்லுங்க என்றாள். நான் இந்தத் தடவை கையை ஆட்டவில்லை. முழுசாக எதையும் தடுக்க முடியாது என்றேன். நல்ல வழி போட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் அந்த வழியாகப் போகும், ஒயரை மட்டும் மழைக்கு முன்னாடியே பிடுங்கிவிட வேண்டும் என்றேன், இதுவரைக்கும் இருந்தது நல்ல வழி இல்லை, அதை மறைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். சரி, இது நம்பற மாதிரி இருக்கு என்றாள்.

மழை ஐந்தேகால் வரை அடித்தது. பிறகு மேகம் கிழக்கே நகர்ந்து உறுமலும் நின்று அரைமணி நேரம் ஆனபிறகு வெளியே வந்தோம். மேற்கே மஞ்சள் வெயில், பள்ளம் மூன்றும் செந்நீர் நிறைந்து கிடந்தது. சேற்றில் ஸ்பானரைத் தேடி எடுத்தது அவள்தான், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவி. பட்டையின் முனையை டவரின் காலோடு சேர்த்து அவள் பிடித்துக்கொண்டாள், கட்டைவிரலால் அமுக்கி, அசையாமல், ஊசி போடும்போது பிள்ளையின் தொடையைப் பிடிப்பாளே அப்படி. நான் போல்ட்டை மாட்டி இறுக்கினேன். மூன்று காலும் முடிந்தது. அப்புறம் வீட்டு எர்த்தோடு சேர்க்கிற பட்டை, அதையும் அவளே தூக்கிக் கொடுத்தாள். மீட்டரை வைத்தேன். ஒன்பது. அவள் என் முகத்தைப் பார்த்து நல்லதா என்றாள். இப்ப ஈரம் இருக்கு, வெயில் காலத்துல ஏறும், இன்னும் ரெண்டு கிளை வெட்டணும் என்றேன். வெட்டுவோம் என்றாள். வெட்டுவோம் என்று அவள் சொன்னதைக் கேட்டபடி மண்வெட்டியால் மண்ணைத் தள்ளினேன், கனத்த ஈர மண், பொத் பொத்தென்று விழுந்தது.

குளித்துவிட்டு வந்தால் அவள் பீரோவின் அடித்தட்டின் முன் உட்கார்ந்திருக்கிறாள். துணிகளுக்குக் கீழே இருந்து ஒரு தட்டையான பொட்டலத்தை எடுத்தாள், பழைய காட்டன் புடவைத் துணியில் சுற்றிய சட்டம் போட்ட படம். இந்த வீட்டுக்கு வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள், நான் பார்த்ததில்லை. துணியைப் பிரித்துத் துடைத்து என்னிடம் நீட்டினாள். இளைஞன், முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று இருக்கும், ஸ்டுடியோத் திரைக்கு முன்னால் சட்டைக் காலர் பொத்தான் வரை போட்டுக்கொண்டு, சிரிக்கலாமா வேண்டாமா என்ற முகம். காது கொஞ்சம் பெரிசு. என் மகன் என்று சொல்லலாம், அந்த வயது. இவனைப் பற்றியா நான் தெரிந்துகொள்ளப் பயந்தேன். "இத மாட்டிக்கலாமா?" என்று அவள் கேட்டாள், கேட்டுவிட்டு, ஒங்களுக்குச் சங்கடம்னா வேணாம் என்று சேர்த்தாள். நான் ஆணியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். எங்கே என்றேன். நடுஹாலில் அம்மா படத்துக்குப் பக்கத்துச் சுவரைக் காட்டினாள். எந்த உயரத்தில் என்றேன். "நம்ம ரெண்டு பேரு கண்ணுக்கும் நேரா இருக்கட்டும்" என்றாள். அவள் என் தோள் உயரம்தான். சுவரில் விரலை வைத்து அவள் கண்ணையும் என் கண்ணையும் மாறி மாறிப் பார்க்கிறேன், கொஞ்சம் கீழே இறக்குகிறேன், கொஞ்சம் மேலே ஏற்றுகிறேன், அவள் ஒரு அடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, அங்கதான் என்கிறாள்.